தொட்டி மண் சந்தேகங்கள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் பதினான்கு வருடமாகச் செடி வளர்க்கிறேன். தொட்டியும் பையுமாக நூற்றுக்கு மேல் இருக்கிறது. மண்ணைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றாக வருகிறேன்.

அக்கா, இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நல்ல செம்மண் கிடக்கிறது. அதையே அள்ளித் தொட்டியில் போட்டால் என்ன? எல்லோரும் ஏன் கலவை, கலவை என்கிறார்கள்?

தம்பி, தரையில் நன்றாக இருக்கும் அதே மண் தொட்டிக்குள் வந்ததும் குணம் மாறிவிடும். தரையில் மண்புழு குடைகிறது, பெரிய மரத்து வேர் ஓடுகிறது, தண்ணீர் ஆழத்துக்கு இறங்கிப்போக வழி இருக்கிறது. தொட்டியில் இது எதுவும் கிடையாது. நாம் தினமும் மேலிருந்து ஊற்ற ஊற்ற மண் அமுங்கி அமுங்கி மூன்று மாதத்தில் செங்கல் மாதிரி இறுகிவிடும். வேருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், காற்றும் அதே அளவு வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். தொட்டியில் சாகும் செடிகளில் பாதிக்கு மேல் மூச்சு முட்டித்தான் சாகிறது என்பது என் அனுபவம்.

காய்கறிக்கு நான் போடுவது செம்மண் ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. பெரிய பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கலந்து, ஈரம் தெளித்து, பத்து நாள் நிழலில் போட்டுவிட்டு அப்புறம்தான் நடுவேன். கலவை சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஈரமாக ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள், விரலைத் திறந்ததும் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டை விரலால் லேசாகத் தட்டினால் உதிர வேண்டும். உருண்டை அப்படியே நின்றால் களி அதிகம், நார்க்கழிவைக் கூட்டுங்கள். பிடிக்கவே வரவில்லை என்றால் மணல் அதிகம், உரத்தைக் கூட்டுங்கள்.

நார்க்கழிவுக் கட்டியைக் கழுவ வேண்டும் என்கிறீர்கள். பையில் "கழுவியது" என்று போட்டிருந்தாலுமா?

ஆமாம், ஒரு தடவையாவது அலசுங்கள். நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் உப்பாக இருக்கும், கடலோரத்துச் சரக்கென்றால் இன்னும் கூடுதல். ஐந்து கிலோ கட்டி ஊறினால் எழுபது லிட்டர் அளவுக்கு உப்பிவிடும், அதனால் பெரிய டிரம்மில் போடுங்கள். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வரும். வடித்துவிட்டுத் திரும்ப ஊற்றி, நிறம் வெளிறும் வரை இரண்டு மூன்று முறை செய்தால் போதும்.

இதோடு இன்னொன்று. ஒரு முறை பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு உறவினர் நார் மில்லில் கிடந்த பச்சை நார்க்கழிவை இரண்டு சாக்கு கொண்டுவந்து கொடுத்தார். மக்கியதா என்று கேட்காமல் பத்துப் பை கத்தரிக்குப் போட்டேன், இருபது நாளில் எல்லாம் வெளிறி மஞ்சளாகிவிட்டது. மக்காத நார்க்கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு, கார்பன் அதற்கு நூறு மடங்குக்கு மேல். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். கருத்து, மண் வாசனை வரும் நார்க்கழிவைத்தான் வாங்க வேண்டும். தங்க நிறத்தில் இருந்தால் இன்னும் மக்கவில்லை.

தொட்டி அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியுமா?

வடியாது. பல காலமாக எல்லோரும் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன், ஆனால் அது உதவுவதில்லை. பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள், சொட்டி முடித்து நின்றுவிடும். அதையே நெட்டுக்குத்தாகத் திருப்பினால் மறுபடி சொட்டும். மண்ணும் அப்படித்தான், அடியில் ஒரு பட்டை எப்போதும் சொதசொதவென்று இருக்கும், உயரம் கூடினால்தான் வேருக்கு அதற்கு மேலே இடம் கிடைக்கும். ஜல்லி போட்டால் அந்த ஈரப்பட்டை இன்னும் மேலே ஏறி வேர்ப்பக்கம் வந்துவிடுகிறது. ஓட்டைமேல் ஒரு ஓட்டுத் துண்டோ கொஞ்சம் தேங்காய் மட்டை நாரோ போதும், மீதி முழுக்க மண்ணே இருக்கட்டும்.

கறிவேப்பிலையில் புதுத் தளிர் எல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சாணம், சாம்பல், முட்டை ஓடு எல்லாம் போட்டுவிட்டேன், போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

கேள்வியிலேயே பதிலைச் சொல்லிவிட்டீர்கள் அம்மா. புது இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுவே வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. (பழைய இலையில் அப்படி வந்தால் பெரும்பாலும் மக்னீசியம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆனால் நம் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான், மண்ணில் இல்லாமல் இல்லை. போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளிவிட்டது, அந்த நிலையில் இரும்பு கரையாது, வேரால் உறிஞ்ச முடியாது. சாப்பாடு பூட்டிய அலமாரிக்குள் இருக்கிற மாதிரி. இதில் சாம்பலும் முட்டை ஓடும் அதே பக்கம்தான் இழுக்கும், முதலில் அதை நிறுத்துங்கள்.

தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மேல் ஒரு அங்குல மண்ணைச் சுரண்டி எறிந்துவிடுங்கள். மழைத்தண்ணீர் கிடைக்கும்போது அடியில் நன்றாக ஓடும்வரை இரண்டு தடவை ஊற்றினால் உப்பு கழுவிப்போகும். அப்புறம் மண்புழு உரம் இரண்டு கைப்பிடி. உடனடிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து கிராம் இரும்பு சல்பேட்டும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து சாயங்காலம் இலைமேல் தெளியுங்கள், பத்து நாள் விட்டு இன்னொரு முறை. பழைய மஞ்சள் இலை பச்சையாக மாறவில்லை என்று கவலைப்படாதீர்கள், அடுத்து வரும் தளிரைப் பாருங்கள். பறித்த இலையைக் கழுவிவிட்டுத் தாளியுங்கள். புளித்த மோர் ஊற்றுவதும் தப்பில்லை, ஆனால் தண்ணீர் மாறாமல் மோர் மட்டும் இதைச் சரிசெய்யாது.

வாடகை வீடு, மாடியில் எடை ஏறுகிறது என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

அவர் பயம் நியாயம்தான். நனைந்த வெறும் மண் ஒரு கன அடி நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல் வரும். நார்க்கழிவை இரண்டு பங்காக்கி மண்ணைக் குறைத்தால் எடை நன்றாக இறங்கும், ஆனால் அப்போது சத்து சீக்கிரம் கழுவிப்போகும், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் உரம் கொடுக்க வேண்டும். பெரிய தொட்டிகளைத் தளத்து நடுவில் வைக்காமல் சுவரும் உத்திரமும் வரும் ஓரமாக, ஸ்டாண்டு போட்டு வையுங்கள்.

அடீனியம் (பாலைவன ரோஜா) செடி அடியில் அழுகுகிறது. ஆற்று மணல் கிடைக்கவில்லை, எம்-சாண்ட் போடலாமா?

போடலாம், சலித்து, தூளைக் கழுவிவிட்டு. அந்தத் தூள்தான் சிமெண்ட் பூச்சு மாதிரி இறுகும். கலவையில் பாதி பருமணலாகவோ பொடிக்கல்லாகவோ இருக்கட்டும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம்.

தொழு உரத்தில் வெள்ளையாக, வளைந்த புழு. கட்டை விரல் தடிமன்!

அந்தத் தடிமன் என்றால் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கும், எருக்குழியில்தான் வளரும். தொட்டிக்குள் போனால் வேர்ப்பக்கம் குடைந்து மண்ணைக் கலைத்துவிடும். உரத்தைத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் கிளறுங்கள், காகமும் மைனாவும் பாதி வேலையை முடித்துவிடும். இனி சலிக்காத உரத்தை வாங்காதீர்கள்.

போன வருடம் தக்காளி பிடுங்கும்போது வேரெல்லாம் மணி மணியாக முடிச்சு. அந்த மண்ணைத் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். அது வேர்முடிச்சு நூற்புழு. முடிச்சுள்ள வேரை ஒன்று விடாமல் பொறுக்கி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடக் கூடாது. மண்ணைச் சித்திரை வெயிலில் தளத்தில் அரை அடி உயரத்துக்குள் பரப்பி, நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரமெல்லாம் செங்கல் வையுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், அது தானே சூடாகும், மண்ணுக்கு அவ்வளவு சூடு இறங்காது. நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே கிடக்கட்டும். இதில் நல்ல நுண்ணுயிரும் குறைந்துபோகும், அதனால் பிறகு தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து சேர்ப்பேன். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, வெண்டை உடனே போடாமல் ஒரு போகம் துலுக்கச் சாமந்தி போடுங்கள்.

தினமும் தண்ணீர் ஊற்றியும் செடி வாடுகிறதே?

மண்ணுக்குள் விரலை இரண்டு கணு வரை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் வாடினால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது, தண்ணீரை நிறுத்துங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுகிற தண்ணீர் உள்ளே போகவில்லை. நார்க்கழிவு ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டி ஓரத்தில் இடைவெளி விழும், தண்ணீர் அந்த வழியாக ஓடிவிடும், நமக்கு நனைந்த மாதிரி தெரியும். தொட்டியை வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை முக்கி வையுங்கள்.

அம்மா வைத்த மல்லிகை, ஒரே சிமெண்ட் தொட்டியில் பத்து வருடம். இரண்டு வருடமாகப் பூவே இல்லை. மாற்றினால் செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது அக்கா.

சாகாது, மல்லிகை கெட்டியான செடி. உள்ளே இப்போது மண்ணே இருக்காது, முழுக்க வேர் சுற்றிக் கிடக்கும். கார்த்திகை மாதம், நவம்பர் கடைசியில் கிளைகளை ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள், அதே சமயம் மண்ணையும் மாற்றிவிடலாம். முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் ஓரத்தில் பழைய கத்தியால் சுற்றிக் கீறி, வேர்க்கட்டியோடு தூக்குங்கள். சுற்றிலும் அடியிலும் கால் பங்கு வேரை வெட்டி எடுத்துவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து அதே தொட்டியிலேயே நடலாம், அம்மா வைத்த தொட்டியை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் நிழல். துளிர் வந்த பிறகுதான் உரம். மாசி கடைசியில் நுனியைப் பாருங்கள், மொட்டு வந்ததும் எனக்குச் சொல்லுங்கள்.