படம் போட்டவரே தொட்டியும் கட்டலாமா?

ஐயா,
குடிநீர்த் திட்டங்களில் வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒரே ஒப்பந்ததாரரிடம் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். படம் போடுவதும் கட்டுவதும் ஒரே ஆள் என்றால் கம்பியிலும் சிமெண்டிலும் கை வைக்க மாட்டாரா? யார் கேட்பது?
ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

காரைக்குடியில் எங்கள் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். படத்தில் மூன்றடிக்கும் மண் என்று இருந்தது. ஒன்றரை அடியிலேயே செம்புறாங்கல் தட்டியது, கடப்பாரை இறங்கவில்லை. கல்லை உடைக்கத் தனிப் பணம் வேண்டும் என்றார் ஒப்பந்ததாரர். படம் போட்ட ஆலோசகரோ தன் வேலை முடிந்தது என்றார். நாலு மாதம் பள்ளம் திறந்தே கிடந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி குடத்தோடு பலகையில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். ஒருவரே பொறுப்பு என்றால் இப்படி ஆளுக்கொரு பக்கம் கைகாட்ட முடியாது. அதற்காகத்தான் அப்படி எழுதினேன்.

அப்போதும் நிலத்தடிச் சிக்கல் தானாகத் தீராது. இந்த முறைக்கென்றே ஃபிடிக் என்ற உலக ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு வெளியிட்ட ‘மஞ்சள் புத்தகம்’ என்ற மாதிரி ஒப்பந்தத்தில்கூட, அனுபவமுள்ள ஒப்பந்ததாரராலும் ஊகிக்க முடியாத நிலத்தடித் தடைக்குக் கூடுதல் காலமும் பணமும் கேட்கலாம். ஆனால் செம்புறாங்கல்லை எதிர்பார்க்கவில்லை என்று செட்டிநாட்டில் யார் சொல்ல முடியும்?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பயம் நியாயமானது. செய்த வேலையை எம்.புக் என்ற அளவுப் பதிவேட்டில் அளந்து பில் போடும் பழைய முறையில் அளவு கூடினால் ஒப்பந்ததாரருக்கு லாபம். வடிவமைப்பையும் சேர்த்து மொத்தத் தொகைக்கு எடுத்தாலோ, கம்பியும் சிமெண்டும் குறைந்தால் லாபம். அதனால் சில ஆண்டுகள் இயக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுப்பது உண்டு. 2013-இல் திறந்த நெம்மேலி கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், தினம் 10 கோடி லிட்டர், அப்படிக் கட்டியதுதான். பம்ப் கெட்டால் தன் கைக்காசு என்றால் மட்டமான பம்ப் வாங்க மாட்டார்.

தொட்டி விஷயம் வேறு. இயக்கும் காலம் முடிந்து பல வருஷம் கழித்துத்தான் விரிசல் தெரியும். எனவே தொட்டியின் கணக்கை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் போல வெளியே ஓரிடத்தில் சரிபார்க்காமல் கான்கிரீட் போட விடக்கூடாது. அப்புறம், கடைசித் தெருவின் கடைசி வீட்டுக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு அழுத்தத்தில் என்பதை நகராட்சி டெண்டரிலேயே எழுத வேண்டும். அதை எழுதத் தெரிந்த பொறியாளர் நகராட்சி பக்கம் இல்லையென்றால் இந்த முறையே வேண்டாம் என்பேன்.

உங்கள் ஊரில் டெண்டர் வந்தால் மண் பரிசோதனை அறிக்கை கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். எத்தனை இடத்தில் துளை போட்டார்கள், எத்தனை அடியில் கல் தட்டியது என்று முதலில் பாருங்கள்.