அது பம்பிள் பீ இல்லங்க! தேனீ கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதி ஒரே மாதிரி இருந்துச்சு, அதனால சிலதை ஒண்ணா சேத்துட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: முருங்கைப் பூவுக்கு கட்டைவிரல் தண்டிக்கு கருப்பா ஒரு பூச்சி ஹெலிகாப்டர் மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு வருது. இதுதான் பம்பிள் பீயா? கொட்டுமா?

இல்லங்க. பம்பிள் பீங்கிற குண்டு தேனீ நம்ம ஊர்ல கிடையவே கிடையாது. இந்தியாவுல காஷ்மீர், ஹிமாச்சல், சிக்கிம்னு இமயமலைப் பக்கம் குளிர் இடத்துல தான் இருக்கு. உடம்பு முழுக்க கம்பளி போத்தின மாதிரி முடி, பறக்குறதுக்கு முன்னாடி நெஞ்சுத் தசையை நடுங்க வெச்சு சூடு ஏத்திக்கும், அதனால மத்த தேனீ எல்லாம் கூட்டுக்குள்ள முடங்கிக் கிடக்குற குளிர்லயும் அது வேலைக்கு கிளம்பிடும். நம்ம வெயிலுக்கு அந்த கோட்டு ஆகாது.

நீங்க பாத்தது மரத்தை துளைக்கிற கருவண்டு. பேர்ல தான் வண்டு, ஆள் தேனீ வகை தான். வயிறு முடி இல்லாம பாலிஷ் போட்ட மாதிரி மின்னும், றெக்கையில நீலமும் ஊதாவுமா ஒரு பளபளப்பு இருக்கும், அதை வெச்சே கண்டுபிடிச்சிடலாம். காஞ்ச மூங்கில், பழைய விட்டம் கிடைச்சா வட்டமா ஓட்டை போட்டு உள்ள மகரந்த உருண்டை வெச்சு அதுமேல முட்டை போடும். ஆணுக்கு கொடுக்கே கிடையாது, பெண் வண்டும் நீங்க கையில அழுத்திப் பிடிச்சா தான் கொட்டும். விரட்டாதீங்க, முருங்கை காய் பிடிக்க அதோட கனமான உடம்பு ரொம்ப உதவி. பேஷன் ஃப்ரூட் கொடி போட்டவங்களுக்கும் அதே ஆள் தான் வேணும். கதண்டோட இதை குழப்பிக்கிறவங்க நிறைய, கதண்டு குளவி சாதி, அது கொத்தா வந்து கொட்டினா உயிருக்கே ஆபத்து, கருவண்டு அப்படி இல்ல.

கேள்வி: தக்காளி, கத்தரி போட்டிருக்கேன், பூ கொட்டிடுது. ரெண்டு தேனீப்பெட்டி வெச்சா சரியாகுமா?

பெட்டி விக்கிறவர் ஆகும்னு தான் சொல்வார். விஷயம் என்னன்னா இந்த ரெண்டு பூவுலயும் மகரந்தம் வெளிய தூளா கிடக்காது, மிளகு டப்பா மாதிரி ஒரு குழாய்க்குள்ள இருக்கும், நுனியில சின்ன ஓட்டை, குலுக்கினா தான் கொட்டும். பூவை பிடிச்சுக்கிட்டு றெக்கையை அசைக்காம தசையை மட்டும் அதிர வைக்கிற வித்தை பம்பிள் பீக்கு தெரியும், கருவண்டுக்கு தெரியும், வயித்துல நீலப் பட்டை போட்ட, கூட்டமா இல்லாம தனியா வாழுற ஒரு சின்ன தேனீ இருக்கு அதுக்கும் தெரியும், பெட்டித் தேனீக்கு தெரியாது. போதாததுக்கு இதுல தேனும் கிடையாது, அது ஏன் வரப்போவுது. ஐரோப்பாவுல பசுமைக்குடில் தக்காளிக்கு முன்னாடி ஆள் வெச்சு அதிர்ற குச்சியால பூ பூவா தட்டிக்கிட்டு இருந்தாங்க, 1980கள் கடைசியில பம்பிள் பீ கூட்டை அட்டைப்பெட்டியில வளத்து விக்க ஆரம்பிச்சதும் அந்த வேலை போச்சு. அதுக்காக அதை இங்க இறக்கலாமான்னு கேக்காதீங்க, வெளியூர் பூச்சியும் அதோட நோயும் நமக்கு வேணாம்.

மாடித் தோட்டம்னா காலையில பேட்டரி டூத் பிரஷ்ஷோட பின்பக்கத்தை பூக்காம்புல ரெண்டு செகண்ட் வையுங்க, போதும். கத்தரியில இன்னொண்ணு, சூல்தண்டு (பூ நடுவுல மகரந்தம் ஏத்துக்குற பெண் பாகத்தோட தண்டு) குட்டையா உள்ளயே ஒளிஞ்சிருக்குற பூ எப்படியும் கொட்டத்தான் செய்யும், அதுக்கு எந்த தேனீயும் பொறுப்பில்ல.

கேள்வி: மார்த்தாண்டத்துல வாங்கின தேன் ரப்பர் தேன்னு சொன்னாங்க, பாதி பாட்டில் வெள்ளையா உறைஞ்சிருச்சு. சர்க்கரைப்பாகா?

உறையுறதை வெச்சு கலப்படம்னு சொல்ல முடியாதுங்க. குளுக்கோஸ் அதிகமா இருக்குற தேன் சீக்கிரம் உறையும், ரப்பர் தேன் அந்த ரகம். வெதுவெதுப்பான தண்ணியில பாட்டிலை உக்கார வெச்சா இளகிடும், அடுப்புல நேரா வைக்காதீங்க. தண்ணியில ஒரு சொட்டு விடுறது, தீக்குச்சியில தொட்டு கொளுத்துறது எல்லாம் டெஸ்ட்டே இல்ல, நல்ல பாகும் அதுல பாஸ் ஆயிடும், லேப் தான் சொல்லணும்.

எனக்கு பிடிச்ச விஷயம் இதுல வேற. ரப்பர் தேன் பூவுலருந்து வர்றதே இல்ல! குமரி மாவட்டத்துல ரப்பர் இலை உதுந்து புதுசா துளிர்க்கும்போது, ஜனவரியிலருந்து மார்ச் வரைக்கும், மூணு சிற்றிலையும் காம்போட சேர்ற இடத்துல குட்டி சுரப்பிங்க தேன் கக்கும். தேனீ அதை நக்கிட்டு வரும். ஆனா அங்க மகரந்தம் கிடையாது, மகரந்தம் இல்லாம கூட்டுல வளர்ற தேனீப் புழுவுக்கு சாப்பாடு இல்ல, அதனால தென்னையும் மத்த பூவும் இருக்கும்போதே கூட்டத்தை பெருக்கி வெச்சுக்கிட்டு தான் ரப்பர் சீசனுக்குள்ள போகணும். இதை தெரியாம ஜனவரியில பெட்டி வாங்குறவங்க தான் ஏமாந்து நிக்கிறாங்க.

கேள்வி: தண்ணி டேங்க் அடியில மலைத்தேனீ கூடு. கொளுத்திடலாமா?

வேணாம். பூ தீந்ததும் கூட்டத்தோட அதுவாவே கிளம்பிடும். அதுவரைக்கும் ராத்திரி அந்தப் பக்கம் லைட் போடாதீங்க, கல்லெறியிற பசங்களை கவனிங்க. ஒண்ணு கொட்டிட்டா கொடுக்கை உடனே நகத்தால தட்டி எடுத்துட்டு ஓடிடணும், அதுலருந்து வாழைப்பழ வாசனை மாதிரி ஒண்ணு கிளம்பும், அது மத்ததுக்கெல்லாம் ‘இங்க வா’ன்னு சிக்னல். மூச்சு திணறல், முகம் வீக்கம் வந்தா நேரா ஆஸ்பத்திரி.

கேள்வி: பால்கனியில என்ன செடி வெச்சா தேனீ வரும்?

துளசி, திருநீற்றுப்பச்சிலை, அப்புறம் கொஞ்சம் கொத்தமல்லியை பறிக்காம பூக்க விடுங்க. அடுக்கடுக்கா இதழ் வர்ற கலப்பின சாமந்தி, ரோஜா பாக்க ஜோரா இருக்கும், தேனீக்கு உள்ள போக வழி இருக்காது. செவப்பு கலரும் அதுக்கு தெரியாது, நீலமும் மஞ்சளும் வெள்ளையும் நல்லா தெரியும். மருந்து அடிச்சே ஆகணும்னா பொழுது சாய்ஞ்சதுக்கு அப்புறம் அடிங்க, பூத்திருக்குற செடியில வேணவே வேணாம்.