சபை மாநாட்டுக்கு முந்தைய வாரத்தில் மூத்த ஊழியக்காரத் தம்பதியர் உண்மையில் என்ன செய்வார்கள்?

கேள்வி கேட்டவர், ஓய்வுபெற்ற தம் பெற்றோர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் மூத்த ஊழியக்காரர்களாகச் செல்ல விரும்புவதாகவும், மாநாட்டு வாரத்தில் வேலை மிகக் கடுமையாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவர்கள் தயங்குவதாகவும் எழுதியிருக்கிறார். நானும் என் மனைவியும் பெங்களூருவில் பதினெட்டு மாதங்கள் அந்த ஊழியத்தில் இருந்தோம். அதில் மூன்று மாநாடுகளைப் பார்த்தோம். இரண்டாவது மாநாட்டுக்கு முந்தைய வாரம்தான் எனக்கு நன்றாக நினைவில் இருக்கிறது. அதைச் சொன்னாலே உங்கள் பெற்றோருக்குப் போதுமான விவரம் கிடைக்கும் என்று எண்ணுகிறேன்.

முதலில் 'மூத்த ஊழியக்காரர்' என்ற இந்தப் பெயரைப் பற்றி. இரண்டாண்டு ஊழியத்துக்கு வருகிற பத்தொன்பது வயது இளைஞனுக்கு எங்கள் சபையில் 'மூப்பர்' என்று பட்டம். அறுபத்து நான்கு வயதான எனக்கும் அதே பட்டம்தான். சட்டைப்பையில் ஒரே மாதிரிப் பெயர்ப்பட்டையைக் குத்திக்கொண்டு அப்படி ஓர் இளைஞனும் நானும் அருகருகே நிற்பதைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை மறக்க முடியாது. இளைஞர்களைப் போல வீடுவீடாகச் செல்லும் கட்டாயம் தம்பதியருக்கு இல்லை. எத்தனை மாதங்கள் என்பதைப் பெரும்பாலும் நாமே தெரிவு செய்யலாம். வாடகையும் சாப்பாடும் நம் கைப்பணம். சம்பளம் என்று எதுவும் கிடையாது. உள்ளூரில் ஆயராக இருப்பவரும் பகலில் வேறு வேலை பார்த்துச் சம்பாதிப்பவர்தான் என்பதால், பகல் நேரத்தில் கையில் பொழுது இருக்கிற ஒரே ஆட்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர்களாகவே இருப்போம். மாநாட்டு வாரத்தில் அந்தப் பொழுதைத்தான் எல்லாரும் கேட்டு வந்தார்கள். இந்தியாவில் தம்பதியர் ஊழியம் புதியதும் அன்று: 1978-இல் சமோவாவிலிருந்து எட்வின் தர்மராஜுவும் எல்சி தர்மராஜுவும் ஒரு குறுகிய ஊழியமாக ஹைதராபாத்துக்கு வந்து தம் உறவினரிடையே தொடங்கிய வேலைதான் அந்த நகரத்துச் சபைக்கு வித்து. இந்தியாவின் முதல் பிணையம் 2012-இல் அதே ஹைதராபாத்தில்தான் அமைக்கப்பட்டது.

பிணையம் என்பது, தொகுதி எனப்படும் உள்ளூர்ச் சபைகள் பல சேர்ந்த ஓர் அமைப்பு. ஆண்டுக்கு இருமுறை அந்தத் தொகுதிகளின் மக்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவதே பிணைய மாநாடு. சனிக்கிழமை தலைவர்களுக்கு ஓர் அமர்வும் மாலையில் பெரியவர்களுக்கு ஓர் அமர்வும், ஞாயிறு காலை அனைவருக்குமாக இரண்டு மணி நேரக் கூட்டமும் நடக்கும். தமிழில் இந்தச் சொற்கள் கொஞ்சம் தொல்லை தருபவை. 'பிணையத் தலைவர் அழைக்கிறார்' என்று நான் தொலைபேசியில் சொன்னபோது, ஒரு வீட்டுப் பெரியவர் யாரையோ ஜாமீனில் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பதறிவிட்டார். 'தொகுதி' என்றதும் எந்தக் கட்சி என்று கேட்டவரும் உண்டு. மூலச் சொல் ஏசாயா 54-ஆம் அதிகாரத்தில் கூடாரத்தின் கயிறுகளை இழுத்துக் கட்டுகிற முளையிலிருந்து வந்தது. நம் வேதாகமத்திலும் அங்கே 'முளை' என்றுதான் இருக்கிறது. அந்த அழகான சொல்லையே வைத்திருக்கலாமே என்பது என் சொந்த ஆதங்கம்.

திங்களும் செவ்வாயும் தொலைபேசியிலேயே கழிந்தன. நான் ஆர்.எம்.எஸ். எனப்படும் ரயில்வே அஞ்சல் சேவையில் முப்பத்தோர் ஆண்டுகள் ஓடும் ரயில் பெட்டிக்குள் நின்று கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவன். எனவே தமிழ் பேசும் குடும்பங்களின் பட்டியலை என்னிடம் கொடுத்ததும் கை தானாகவே அதைப் பிரிக்கத் தொடங்கியது. தாமே வந்துவிடுபவர்கள், வண்டி அனுப்பினால் வருபவர்கள், நேரில் போய் அழைத்தால் மட்டும் வருபவர்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள் என நான்கு அறைகள். கடைசி அறையில் இருப்பவர்களை அழைப்பதற்குத்தான் நேரம் மிகுதியாகச் செலவானது. ஏனென்றால் அவர்களில் பலருக்கு வராமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்வதற்கு ஆள்தான் இல்லாமல் இருந்தது. ஒரு பெண்மணி நாற்பது நிமிடங்கள் தன் மருமகளைப் பற்றி மட்டுமே பேசினார். நான் நடுவில் மாநாட்டை நினைவூட்ட வாய் திறந்தபோது என் மனைவி கையமர்த்தினாள். அவர் வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோலார் தங்கவயலில் ஒரு மூதாட்டி இருந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்த கணவர், 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட சில ஆண்டுகளில் இறந்துவிட்டார். பிள்ளைகள் மாரிக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து போகிறவர்கள். மூதாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆங்கிலம் ஒரு சொல்லும் புரியாது. சென்ற மாநாட்டில் மொழிபெயர்ப்புக் கருவி பாதியில் நின்றுபோக, மீதி நேரம் முழுதும் பேசுபவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவர் குறைபோலச் சொல்லாமல் செய்திபோலச் சொன்னார். அந்தச் செய்திதான் எங்கள் புதன், வியாழன் இரண்டு நாட்களையும் எடுத்துக்கொண்டது.

மாநாட்டு உரைகள் ஆங்கிலத்தில் நடக்கும்; தமிழுக்கும் கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு. தமிழுக்கு இருவர்: ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு செவிலியர். இருவரும் சபையின் உறுப்பினர்கள், தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்கள் அல்லர். குழந்தைகளின் வகுப்பறைகளில் மேடையைக் காட்டும் ஒரு சிறு திரையை வைத்து, ஒலிவாங்கியின் முன் அவர்கள் பேசுவதை, மண்டபத்தில் இருப்பவர்கள் காதில் மாட்டிய ரிசீவர் வழியாகக் கேட்பார்கள். அடுத்த அறையிலிருந்து கன்னடம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்ததால், எங்கள் வீட்டிலிருந்த இரண்டு ஜமுக்காளங்களையும் ஒரு மெத்தையையும் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தோம். நாற்பது ரிசீவர்களையும் திறந்து பழைய பென்சில் செல்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டேன். சென்ற முறை நின்றுபோனது எது என்று கண்டுபிடிப்பதைவிட அது எளிது. செல்லின் உப்புப் பூத்திருந்த மூன்று கருவிகளை, ஊழியத்துக்கு முன் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்த ஓர் இளம் மூப்பர் பல் துலக்கும் தூரிகையும் எலுமிச்சைச் சாறும் கொண்டு சுத்தம் செய்து உயிர்ப்பித்தார்.

கருவியைச் சரிசெய்வது இலகுவான பகுதி. பேசவிருந்த ஏழு பேரில் மூவர் மட்டுமே உரையை எழுத்தாக முன்கூட்டியே தந்தார்கள். மற்றவர்களிடம் எந்தெந்த வசனங்களைச் சொல்லப் போகிறீர்கள் என்பதையாவது கேட்டு வாங்கினோம். அது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், எங்கள் பெரியவர்களில் பலர் வேறு சபைகளில் வளர்ந்து, பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள். ஆங்கிலத்தில் ஒரு வசனம் வாசிக்கப்படும்போது மொழிபெயர்ப்பவர் அதைத் தம் சொற்களில் சொன்னால், கேட்பவர்களுக்கு நன்கு தெரிந்த பாட்டை யாரோ தாளம் தப்பிப் பாடுவது போல இருக்கும். உடனே கவனம் உரையை விட்டுப் போய்விடும். எனவே ஒவ்வொரு வசனத்தையும் அச்சில் உள்ளபடியே பெரிய எழுத்தில் எழுதி, வரிசை எண் இட்டு, அட்டையில் ஒட்டினோம். உடன்படிக்கை, நியமம், ஆசாரியத்துவம், பாவநிவர்த்தி போன்ற சொற்களுக்கும் ஓர் அட்டை. இருவரும் வெவ்வேறு சொல்லைப் பயன்படுத்தினால் கேட்பவர்கள் இரண்டு வெவ்வேறு பொருள் என்று எண்ணிக்கொள்வார்கள். ஜெபத்தில் மட்டும் எந்தச் சிக்கலும் எழவில்லை. இறைவனை 'நீர்' என்று அழைக்கும் மரியாதையும் நெருக்கமும் தமிழில் ஏற்கெனவே நிலைபெற்றிருப்பதால், அவர்கள் இருவரின் நாவிலும் அது இயல்பாக வந்தது.

வியாழன் மாலை ஒத்திகையில் ஒன்று தெரியவந்தது. எங்கள் சபையில் உரை நிகழ்த்துபவர் பெரும்பாலும் சாட்சி கூறி, இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஆமென் என்று முடிப்பார். ஆங்கிலத்தில் 'சாட்சி கூறுகிறேன்' என்ற வினை முதலிலேயே வந்துவிடும். தமிழில் அது எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் வரும். எனவே மொழிபெயர்ப்பவர், பேசுபவர் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பவர் பாதியில் இருக்கும்போதே மண்டபம் முழுதும் 'ஆமென்' என்று சொல்லிவிடுகிறது. தமிழ் வரிசைகள் அதற்குப் பிறகு தனியாகச் சொல்கின்றன. கன்னடக்காரர்களும் தெலுங்குக்காரர்களும் அதே துன்பத்தைத்தான் அனுபவித்தார்கள். 'என் சாட்சி இதுதான்' என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பிறகு சிறு சிறு வாக்கியங்களாகத் தொடரலாம் என்று ஆசிரியை யோசனை சொன்னார். ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்ததில் நேரம் ஓரளவு நெருங்கி வந்தது.

உணவு என் மனைவியின் பொறுப்பு. அதில் நான் செய்தது சண்டையைத் தீர்த்து வைத்தது மட்டும். எங்கள் சபையில் 1833 முதல் இருந்துவரும் 'ஞான வார்த்தை' என்ற வெளிப்பாட்டின்படி தேநீரும் காபியும் விலக்கப்பட்டவை. சனிக்கிழமை மாலை ஏறக்குறைய முந்நூறு பேருக்குச் சிற்றுண்டி. சமையற்காரர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். "காபி இல்லாம எப்படிம்மா பந்தி அனுப்புறது, ஜனங்க என்னைத்தானே பேசுவாங்க" என்று உண்மையாகவே வருந்தினார். சுக்கு காபி போடலாமா என்று அவரே ஒரு வழி சொன்னார். அதில் காபித்தூளே கிடையாது, சுக்கும் மல்லியும் கருப்பட்டியும்தான் என்று நான் சொல்லியும், பெயரைக் கேட்டுப் புதிதாகச் சேர்ந்தவர்கள் குழம்புவார்கள் என்று என் மனைவி மறுத்துவிட்டாள். கடைசியில் மஞ்சளும் மிளகும் தட்டிப்போட்டுப் பனங்கற்கண்டுப் பால் என்று முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு சிறு குவளை என்று கணக்கிட்டு முப்பத்தாறு லிட்டர் பால் வாங்கினோம்; ஒரு சொட்டும் மிஞ்சவில்லை. அடுத்த சிக்கல் பணம். ஞாயிற்றுக்கிழமை விலைகொடுத்து எதையும் வாங்காமல் இருக்கவே நாங்கள் முயல்வோம் என்பதால், பாத்திர வாடகை, வண்டி வாடகை, ஓட்டுநர்களின் சாப்பாடு உட்பட எல்லாவற்றையும் சனிக்கிழமை இரவுக்குள் தீர்க்க வேண்டும். முழுப்பணத்தையும் முன்னதாகக் கொடுத்தால் மறுநாள் வண்டி நேரத்துக்கு வராது என்று என் மனைவி ஆட்சேபித்தாள். மூன்று வண்டிகள் நேரத்துக்கு வந்தன. நான்காவது ஐம்பது நிமிடம் தாமதம். அவள் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை நாற்காலிகள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, முதுகுவலியைத் தவிர. உங்கள் பெற்றோரின் அச்சத்துக்கு நேரான பதில் இங்கேதான் வருகிறது: தூக்கும் வேலையைச் செய்ய இளம் ஊழியக்காரர்கள் இருப்பார்கள், முதியவர்கள் செய்யத் தேவையில்லை. நான் தூக்கியது வீம்பினால். ஆனால் நீண்ட நேரம் நிற்கவும், இரவு பத்து மணிக்கு வரும் தொலைபேசிக்கு எரிச்சல் இல்லாமல் பதில் சொல்லவும் உடம்பும் மனமும் இடம்கொடுக்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் அந்த வாரத்தில் சாப்பாட்டு நேரம் தவறும் என்பதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் மருத்துவரின் பரிசோதனை கேட்கப்படும். அதில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எங்களோடு இருந்த இன்னொரு தம்பதியர் மூட்டுவலியை மறைத்து வந்து, மூன்று மாடிப் படியேறும் வீட்டில் மிகவும் துன்பப்பட்டார்கள்.

தங்கவயல் மூதாட்டி சனிக்கிழமை மதியமே ரயிலில் வந்து எங்கள் வீட்டில் தங்கினார். படுக்கும் முன் ரிசீவரை எப்படி மாட்டுவது, ஒலியை எந்தப் பக்கம் திருகுவது என்று என் மனைவி கற்றுக்கொடுத்தாள். தமிழுக்கு எந்த எண் என்பதை அவருக்கு அடையாளம் காட்ட, திருகின் மேல் ஒரு பொட்டை ஒட்டினோம். காலையில் பார்த்தால் அவர் அந்தக் கருவியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருந்தார்.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்து, பின்கதவைத் திறந்து தாழ்வாரத்திலும் நாற்காலி போட்டோம். பிணைய மாநாட்டில் திருவிருந்து எனப்படும் அப்பமும் தண்ணீரும் வழங்கப்படுவதில்லை என்பது தெரியாமல் ஆயத்தமாக வந்த இரு குடும்பங்களுக்கு வாசலிலேயே அதை விளக்க வேண்டியிருந்தது. தலைவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டு, ஆதரிப்பவர்கள் வலக்கையை உயர்த்தும்படி கேட்டபோது, ரிசீவர் வைத்திருந்த வரிசைகளில் கைகள் ஒரு நொடி பின்னால் உயர்ந்தன. நான் உரைகளில் பாதியைக் கேட்கவில்லை. என் கவனம் முழுதும் அந்த மூதாட்டியின் காதருகே எரிந்துகொண்டிருந்த சிறு பச்சை விளக்கில் இருந்தது. முதல் உரை முடிந்தபோது அவருடைய ஆமென் தாமதமாகத்தான் வந்தது. மூன்றாவது உரை ஆசிரியையின் முறை; அப்போது ஏறக்குறைய எல்லாரோடும் சேர்ந்து வந்தது. கடைசி உரையில் எழுபதின்மர் எனப்படும் மேல்நிலைத் தலைவர் குழுவில் ஒருவரான விருந்தினர் எழுதி வைத்திருந்ததை ஒதுக்கிவிட்டு வேறு ஏதோ பேசினார். செவிலியர் திணறிப்போனார், அட்டைகள் எதுவும் உதவவில்லை, மண்டபம் ஆமென் சொல்லி முடித்து இசைக்கருவி தொடங்கிய பிறகே மூதாட்டி தன் ஆமெனைச் சத்தமாகச் சொன்னார். முன்வரிசைக் குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிற்பகல் ரிசீவர்களை எண்ணினேன். நாற்பதில் முப்பத்தெட்டு வந்தன. ஒன்று அடுத்த வாரம் ஒரு சிறுவனின் பள்ளிப் பையிலிருந்து கிடைத்தது. இன்னொன்று பொட்டு ஒட்டியது; தங்கவயலிலிருந்து மகன் கையில் கொடுத்தனுப்பினார், செல்களைக் கழற்றித் தனியே ஒரு துணியில் முடிந்து.