லெஃபெவ்ர்: ஊருக்கு ஒரு கொல்லர்

அன்புள்ள ஐயா,

பிரான்ஸின் வடக்கே லீல் நகரில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் லெஃபெவ்ர் என்ற குடும்பப்பெயரோடு மூன்று பேர். சொந்தக்காரர்கள் இல்லை. ஒருவர் மட்டும் நடுவில் 'பே' (b) எழுத்தைச் சேர்த்து எழுதுகிறார், ஆனால் உச்சரிப்பதில்லை. எல்லாம் ஒரே பெயர்தானா? ஏன் இத்தனை பேருக்கு?

ச., லீல்

அன்புள்ள ச.,

ஒரே பெயர்தான். கொல்லர் என்று பொருள். லத்தீன் 'ஃபாபெர்', பழைய பிரெஞ்சில் 'ஃபெவ்ர்' ஆயிற்று. இன்று கொல்லரை ஃபோர்ஜரோன் என்கிறார்கள். பழைய சொல் குடும்பப்பெயர்களிலும், தட்டாரைக் குறிக்கும் 'ஓர்ஃபெவ்ர்' போன்ற சொற்களிலும் தங்கிவிட்டது.

அந்த 'பே' எழுத்தர்கள் வேலை. அந்தக் கால எழுத்தில் 'யு'வும் (u) 'வே'யும் (v) ஒரே வடிவம். ஃபெவ்ர் என்று எழுதினால் நடுவில் இருப்பது உயிரா மெய்யா என்று தெரியாது. லத்தீன் மூலத்தில் இருந்த 'பே'யை நுழைத்தால், அடுத்து வருவது மெய் என்று புரியும். படித்தவர் எழுதியது போலவும் இருக்கும். அப்படியும் சிலர் அதை உயிராகவே படித்தார்கள். லெஃபெப்யூர் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஏன் இத்தனை பேர் என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. கொல்லர்கள் கூட்டம் கூட்டமாக இருந்ததால் அல்ல, ஊருக்கு ஒருவரே இருந்ததால். 11, 12ஆம் நூற்றாண்டுகளில் மக்கள்தொகை பெருகியது. ஞானஸ்நானப் பெயர்களோ கொஞ்சம்தான். ஒரே ஊரில் நாலைந்து ழான்கள். உழவன் ழான் என்றால் யாரென்று தெரியாது, ஊரே உழவர்கள். கொல்லன் ழான் என்றால் ஒருவர்தான். கொழுமுனை தீட்ட, லாடம் அடிக்க எல்லோரும் போய் நின்ற பட்டறைக்காரர். இப்படி ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக முளைத்த பெயர் அது. உங்கள் மூவரும் சொந்தமில்லாததில் ஆச்சரியமே இல்லை.

1539இல் பிரெஞ்சு அரசர் பிறப்பித்த வில்லெர்-கோத்ரே ஆணைதான் குடும்பப்பெயரைக் கொண்டுவந்தது என்று பலர் சொல்வார்கள். அது ஞானஸ்நானப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது, அவ்வளவுதான். பல இடங்களில் அதற்கு முன்பே பெயர்கள் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டிருந்தன.

அப்புறம், இதே கொல்லர் தெற்கே போனால் ஃபாப்ர். பூச்சிகளை ஆராய்ந்த ழான்-ஆன்ரி ஃபாப்ர் 1823இல் பிறந்த அவேரோன் அந்தப் பக்கம்தான். கிழக்கே ஆல்ப்ஸ் மலையடியில் சவோய் பக்கம் ஃபாவ்ர். உங்கள் அலுவலகத்தில் லெ கோஃப் என்று யாராவது இருந்தால் விசாரித்துப் பாருங்கள், குடும்பம் பிரான்ஸின் வடமேற்கே பிரித்தானி பக்கமாக இருக்கும். அங்கத்திய பிரெத்தோன் மொழியில் அதுவும் கொல்லர்தான்.