சோலார் ஹீட்டர் மாட்டப் போறீங்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழ்ல ஃபிளாட் பிளேட் சோலார் ஹீட்டர் (மாடியில கண்ணாடி போட்ட தட்டைப் பேனல் வச்சு வெயில்ல தண்ணியைச் சூடாக்குறது) பத்தி ரெண்டு பாரா எழுதப் போக, கடிதம் குவிஞ்சிருச்சு. முக்கால்வாசிப் பேர் எந்த கம்பெனி நல்லது, என்ன ரேட்டுன்னுதான் கேட்டிருக்காவ. அதை அப்புறம் பாப்போம். மாட்டுற அன்னைக்கு என்ன கவனிக்கணும்னு கேட்டவங்க கடிதத்தைத்தான் முதல்ல எடுத்துருக்கேன், ஏன்னா ரேட்டுல ஏமாந்தா காசோட போயிரும், மாட்டுறதுல கோட்டை விட்டா உயிருக்கே வந்துரும்.

அண்ணாச்சி, எங்களுது தாத்தா கட்டின வீடு. உத்தரம் போட்டு கட்டை அடுக்கி செங்கலும் சுண்ணாம்புக் காரையும் போட்ட மச்சு. 200 லிட்டர் சோலார் வாங்கியாச்சு. நடு மச்சுல வச்சாத்தான் வெயில் நல்லா விழும்னு கடைக்காரர் சொல்லுதாரு. வைக்கலாமா?
– பாளையங்கோட்டை வாசகர்

நடு மச்சுல வைக்கவே கூடாது. கணக்கு போட்டுப் பாருங்க. தண்ணி மட்டும் 200 கிலோ, டேங்க் ஒரு 60 கிலோவுக்கு மேல, ரெண்டு பேனல் ஒவ்வொண்ணும் 40 கிலோ பக்கம், ஸ்டாண்டு தனி. ஆக மொத்தம் 350ல இருந்து 400 கிலோ. இது ஒரு நாள் ரெண்டு நாள் பாரம் இல்ல, ராப்பகலா வருசக்கணக்குல நாலஞ்சு கால் வழியா அந்தக் கட்டை மேலயே நிக்கும். வெயில் நடுவுல மட்டும் விழுறதில்ல, நிழல் இல்லாத எந்த மூலையிலயும் விழத்தான் செய்யும்.

பாரம் சுவர்ல இறங்கணும். எதிரெதிர் சுவர் மேல ரெண்டு இரும்பு ஐ செக்‌ஷன் (இங்கிலீஷ் I எழுத்து மாதிரி இருக்கிற சட்டம்) குறுக்கப் போட்டு, ஸ்டாண்டை அதுக்கு மேல நிறுத்துங்க, மச்சு மேல ஒரு காலும் படக்கூடாது. அதுக்கு முன்னாடி உத்தரம் சுவருக்குள்ள போற இடத்தைப் பாக்கணும், மழைத் தண்ணி ஊறி உளுத்துப் போறதும் கரையான் ஏறுறதும் அந்த முனையிலதான். ஒரு ஸ்க்ரூ டிரைவரை வச்சு அழுத்திப் பாருங்க, கல்லு மாதிரி நின்னா சரி, பொதபொதன்னு உள்ள போச்சுன்னா சோலாரை விடுங்க, அந்த ரூம்ல ஆள் படுக்கிறதே யோசிக்க வேண்டிய விசயம். கொத்தனார் வாய்வார்த்தை போதாது, ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டிருங்க.

கான்கிரீட் வீடா இருக்கிறவங்களும் பில்லர், பீம் போற இடத்துக்கு மேலயே வைங்க. தட்டோடு பதிச்ச தளத்துல டிரில் போட்டு போல்ட் இறக்காதீங்க, ஐப்பசியில கீழ ஒழுக ஆரம்பிச்சா எந்த ஓட்டை வழியா வருதுன்னே கண்டுபிடிக்க முடியாது. கான்கிரீட் கட்டை வார்த்து அதுல போல்ட்டைப் பதிக்கிறதுதான் முறை.

திசை எப்பவும் தெற்குதான். நம்ம திருநெல்வேலி பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தட்ட எட்டே முக்கால் டிகிரி வடக்குல இருக்கு, அதனால சித்திரை பிறக்கிற சமயம் சூரியன் உச்சந்தலைக்கு நேரா வந்து, ஆவணி பாதி வரைக்கும் மத்தியானத்துல வடக்குப் பக்கம்தான் நிக்கும். இதைப் பாத்துட்டு வடக்கு பாத்து வச்சா என்னன்னு சிலர் கேக்காங்க. வெந்நி தேடுறது மார்கழி தையிலதானே, அப்ப சூரியன் நல்லா தெற்க சாஞ்சு போகும். 20 டிகிரி சாய்வுல தெற்கு பாத்து வைங்க, தூசியும் மழைக்குத் தானா கழுவிப் போகும்.

டேங்குக்கு மேல ஒரு பைப் கொக்கி மாதிரி வளைஞ்சு நிக்குது, அதுல இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு. மாடியெல்லாம் பாசி. மாட்டின பையன் "எண்டு கேப் போட்டு அடைச்சிரலாம்க்கா"ங்கான். அடைக்கலாமா?
– அம்பாசமுத்திரம் வாசகி

அக்கா, தயவுசெஞ்சு அடைக்காதீங்க. இந்த இதழ்ல வேற எதையும் படிக்காட்டாலும் இதை மட்டும் படிச்சிருங்க. அதுதான் ஏர் வென்ட், அந்த டேங்க் மூச்சு விடுற வழியே அதுதான்.

தண்ணி சூடானா விரியும். 30 டிகிரியில உள்ள 100 லிட்டர் தண்ணி 80 டிகிரிக்குப் போகும்போது ரெண்டரை லிட்டர் கூடிப் போகும். அந்த ரெண்டரை லிட்டருக்கு ஒரு வழி வேணும். பச்சைத் தண்ணி வர்ற லைன்ல நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணியை ஒரு பக்கமா மட்டும் விடுற வால்வு) மாட்டியிருந்தா அந்தப் பக்கம் திரும்பிப் போக முடியாது, மேல வென்ட்டையும் அடைச்சிட்டா தண்ணி எங்க போகும்? தண்ணியை அமுக்க முடியாது, அதனால டேங்க்தான் விட்டுக் கொடுக்கணும். உள்டேங்க் மெல்லிசு ஸ்டெயின்லெஸ் தகடு, வெல்டிங் பிரியும், அந்த நேரம் யாராவது துணி காயப்போட மேல போயிருந்தா கொதிக்கிற தண்ணி மேல விழும்.

இன்னொரு பக்கமும் இருக்கு, இதை நிறைய பிளம்பருக்கே தெரியல. பச்சைத் தண்ணி வர்ற வால்வு மூடியிருக்கிற நேரம் கீழ யாரோ வெந்நியைத் திறந்து விட்டுட்டா டேங்க்ல இருந்து தண்ணி இறங்கும், அந்த இடத்துக்குக் காத்து வரணும். வென்ட் அடைச்சிருந்தா காத்து வராது, உள்டேங்க் அப்படியே உறிஞ்சி நசுங்கிப் போகும். வெளிய பாத்தா பெயிண்ட் அடிச்ச உருளை ஜம்முன்னு இருக்கும், உள்ள நசுங்கிப் போன தகடு. அதுக்கு ரிப்பேரே கிடையாது.

சரி, ஏன் சொட்டுது? பெரும்பாலும் வென்ட் பைப் உயரம் பத்தாம இருக்கும். சின்டெக்ஸ் நிறைஞ்சு நிக்கிற மட்டத்தை விட வென்ட்டோட வாய் மேல இருக்கணும், கீழ இருந்தா தண்ணி மட்டம் தேடி வெளிய வழியத்தான் செய்யும். ஒரு நீளக் கம்பை சின்டெக்ஸ் மூடி மட்டத்துக்கு நேரா நிறுத்திப் பாத்தாலே தெரிஞ்சிரும். அந்த மட்டத்துக்கு மேல ரெண்டு அடியாவது தூக்கி விடச் சொல்லுங்க. பைப் ஜிஐயோ (துத்தநாகம் பூசின இரும்பு) சிபிவிசியோதான் (சூடு தாங்குற பிளாஸ்டிக்) போடணும், சாதா வெள்ளை பிவிசி 60 டிகிரிக்கு மேல தொவண்டு போகும். நடுவுல தொய்வு இல்லாம நேரா மேல போகணும், வால்வு எதுவும் வரக்கூடாது, வாயை ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமா கீழ பாத்து வளைச்சு விடணும். தொட்டி நிறைஞ்சதும் தண்ணியை நிறுத்துற ஃப்ளோட் வால்வு கெட்டுப் போய் சின்டெக்ஸே வழிஞ்சுதுன்னா அதையும் மாத்துங்க.

எங்க ஊர்ல ஆனி ஆடி காத்து உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டுல பேனல் ஸ்டாண்டோட புரண்டு கண்ணாடி சில்லு சில்லா போச்சு. நாங்க எப்படி மாட்டணும்?
– பணகுடி வாசகர்

ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற மேல்காத்தை நம்பித்தான் அந்தப் பக்கம் இத்தனை கரண்டு எடுக்கிற காத்தாடி நட்டிருக்காங்க, அங்க பேனல் மாட்டுறதுன்னா கூடுதலா யோசிக்கத்தான் வேணும். செங்கோட்டை பக்கத்துக்காரங்களுக்கும் இதேதான்.

ஒரு பேனல் 2 சதுர மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல காத்து நேரா மோதினா அது மேல சுமார் 90 கிலோ அழுத்தம் வரும். பேனலே 40 கிலோதான். பேனல் சாஞ்சு நிக்கிறதால காத்து பின்பக்கமா அடியில புகுந்தா தூக்கவும் செய்யும். அதனால ஸ்டாண்டு காலுக்கு ஒவ்வொண்ணுக்கும் கான்கிரீட் கட்டை வேணும். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்துல வார்த்தா ஒரு கட்டை 65 கிலோவுக்கு மேல வரும், வார்க்கும்போதே போல்ட்டைப் பதிச்சிருங்க. இந்தக் கட்டைகளோட பாரத்தையும் மாடிக் கணக்குல சேத்துக்கணும். நட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் போடாம விட்டா ஆட ஆட லூசாகிக் கழண்டு போகும், வைகாசியில ஒரு தடவை ஸ்பானரோட ஏறி எல்லாத்தையும் முறுக்கிருங்க.

ஸ்டாண்டை இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பியைக் கைப்பிடிச் சுவர்ல கட்டாதீங்க. நாலரை இஞ்சு செங்கல் சுவரு, காத்துல இழுத்தா சுவரோட தெருவுல விழும். இன்னொண்ணு, தண்ணி ஏறாத டேங்க்தான் காத்துக்கு ரொம்ப லேசு. இன்னைக்கு ஸ்டாண்டை நிறுத்திட்டு மீதியை நாளைக்குப் பாப்போம்னு வேலைக்காரங்க போனா, போல்ட் போடாம போக விடாதீங்க. முடிஞ்சா இந்த வேலையை மாசி பங்குனியில வச்சுக்கோங்க, ஆடியில பேனலைத் தூக்கிக்கிட்டு ஏணியில ஏறச் சொல்றது பாவம்.

அண்ணே, நான் ஒரு வருசமா சோலார் வேலைக்குப் போறேன். போன மாசம் மத்தியானம் பேனலை மாட்டிட்டுத் தண்ணியைத் திறந்ததும் பைப் முனையில இருந்து புஸ்ஸுன்னு ஆவி அடிச்சு கை வெந்துட்டு. ஏன் அப்படி? எங்க மேஸ்திரி எதுவும் சொல்லித் தரல.
– பேட்டை வாசகர்

தம்பி, கை இப்ப எப்படி இருக்கு? ஆறலன்னா ஆஸ்பத்திரியில காட்டிரு, தள்ளிப் போடாத.

தண்ணி இல்லாத பேனலை வெயில்ல வச்சா உள்ள இருக்கிற காப்பர் தகடு 150 டிகிரி வரைக்கும் போகும். கண்ணாடியைத் தொட்டா அவ்வளவு தெரியாது, அதான் ஏமாத்துது. அதுல பச்சைத் தண்ணி பட்டா அந்த நிமிசமே ஆவி, ஒரு லிட்டர் தண்ணி ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல ஆவியாகும், அது வெளிய வர்ற வழி உன் கைப்பக்கம்தான்.  அதனால பேனலை அட்டைப் பெட்டியில இருந்து எடுத்த உடனே தார்ப்பாயோ கோணியோ போட்டு மூடணும், கடைசி ஜாயிண்ட் போட்டுத் தண்ணி நிறையுற வரைக்கும் எடுக்கக் கூடாது. தண்ணி விடுறது காலையில 8 மணிக்கு முன்னாடி, இல்லன்னா பொழுது சாஞ்சப்புறம். வால்வை மெதுவாத் திற, வென்ட் வழியா காத்து போற சத்தம் கேக்கும், அது நிக்கிற வரைக்கும் பைப் வாய்க்கு நேரா முகத்தைக் கொண்டு போகாத.

மேல ஏத்தும்போது கயித்தை ஃபிரேம்ல கட்டணும், வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற காப்பர் ஹெட்டர் குழாய் முனையில கட்டினா அது முறிஞ்சு பேனல் கீழ வரும். கீழ ஆள் நிக்கவே கூடாது. இடுப்புல மட்டும் கட்டுற பெல்ட் பத்தாது, தோள் தொடையெல்லாம் சேத்துக் கட்டுற ஃபுல் பாடி ஹார்னஸ் வாங்கித் தரச் சொல்லு. அதோட கயித்தை பில்லர்ல கட்டு, தண்ணி பைப்லயும் கைப்பிடிச் சுவர்லயும் கட்டாத. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல கால் வைக்கவே வைக்காத, பாக்க கெட்டியா இருக்கும், மிதிச்சா பொத்துக்கிட்டுப் போகும்.

அப்புறம் கரண்டு கம்பி. 20 அடி ஜிஐ பைப்பைத் தெருவுல இருந்து மாடிக்குத் தூக்கும்போது முனை எங்க போகுதுன்னு கீழ பிடிக்கிறவனுக்குத் தெரியாது, மேல இருக்கிறவனுக்கும் சரியாத் தெரியாது, வீட்டு ஓரமா லைன் போகுதுன்னா அதுல பட்டுச்சுன்னா ரெண்டு பேரும் போயிருவீங்க. கீழயே வெட்டி மேல கொண்டு போ. லைன் ரொம்பப் பக்கம்னா மின்வாரியத்துல எழுதிக் கொடுத்து சப்ளையை நிறுத்தச் சொல்லி அப்புறம் ஏறு. ஐப்பசி சாயங்காலம் இடி கேட்டா ஸ்பானரைப் போட்டுட்டு இறங்கிரு. மேஸ்திரி திட்டினா திட்டட்டும்.

வீட்டுக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. ஹார்னஸ் இல்லாம ஒரு பையன் உங்க மாடி விளிம்புல நின்னா வேலையை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. தயவுசெஞ்சு சொல்லுங்க.

எங்க போர் தண்ணி உப்பு, பாத்திரமெல்லாம் வெள்ளை வெள்ளையா படியுது. ஃபிளாட் பிளேட் தாங்குமா?
– இராதாபுரம் வாசகர்

அப்படியே விட்டா தாங்காது. பேனலுக்குள்ள இருக்கிற காப்பர் குழாய் அரை இஞ்சுதான், 60 டிகிரிக்கு மேல சுண்ணாம்பு வேகமாப் படியும். ஆத்துத் தண்ணி வர்ற வீட்டுல வருசக்கணக்குல ஓடுறது உங்க பக்கம் சீக்கிரமே அடைச்சிரும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் வச்ச மாடல் வாங்குங்க, பேனல்ல நல்ல தண்ணியே சுத்திச் சுத்தி வரும், உங்க போர் தண்ணி அதுக்குள்ள போகாது. பாத்ரூம் கழுவுற ஆசிட்டை ஊத்தி அடைப்பு எடுக்கேன்னு யாராவது வந்தா விடாதீங்க, அது காப்பரையும் ஸ்டெயின்லெஸ்ஸையும் அரிக்கும், மாடியில நிக்கிறவன் நெஞ்சுக்குள்ளயும் புகை போகும்.

வீட்டுல ஒண்ணரை வயசுக் குழந்தை இருக்கு. சோலார் வெந்நி பயமா இருக்கு அண்ணாச்சி.
– தென்காசி வாசகி

பயப்படுறது சரிதாம்மா. கீசர்ல நாம வைக்கிற சூட்டுக்கு மேல போகாது, சோலார்ல வெயில் எவ்வளவு அடிக்குதோ அவ்வளவு ஏறும், பங்குனி சித்திரையில 70, 80 சாதாரணம். 60 டிகிரி தண்ணியே பெரியவங்க தோலை அஞ்சு செகண்டுல பொசுக்கிரும், குழந்தைக்கு அதுலயும் சீக்கிரம். பாத்ரூமுக்கு வர்ற லைன்ல தெர்மோஸ்டாடிக் மிக்ஸிங் வால்வு (வெந்நியில பச்சைத் தண்ணியைத் தானாக் கலந்து விடுறது) ஒண்ணு மாட்டச் சொல்லுங்க, 45 டிகிரிக்கு மேல குழாய்க்கு வராது. அது மாட்டுற வரைக்கும் வாளியில எப்பவும் பச்சைத் தண்ணியை முதல்ல பிடிச்சு அதுக்கு மேல வெந்நியை விடுங்க, வெந்நி வாளியைத் தரையில வச்சிட்டு ஒரு நிமிசம் கூட நகராதீங்க. எட்டுற உயரத்துல வெந்நிக் குழாய் இருந்தா கைப்பிடியைக் கழட்டி மேல எடுத்து வைங்க.

பட்டுருச்சுன்னா ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிசம் காட்டணும். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவாம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஷவர்ல தண்ணி வேகமா வர பிரஷர் பம்ப் மாட்டலாமா?
– வண்ணார்பேட்டை வாசகர்

சாதா சோலார் டேங்க் பிரஷர் தாங்குறதுக்குச் செஞ்சது இல்ல. பம்ப் வேணும்னா பிரஷர் டைப் டேங்க், அழுத்தம் மீறினா தானாத் திறந்து விடுற ரிலீஃப் வால்வோட, வாங்கும்போதே கேட்டு வாங்கணும். உங்க டேங்க்ல தண்ணி சூடாக்க கரண்டு காயில் இருந்தா அதுக்கு எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்டு கசிஞ்சா உடனே சப்ளையை நிறுத்துற சுவிட்ச்) இருக்கான்னு எலக்ட்ரீசியனை வச்சுப் பாருங்க, சுவிட்சை நிறுத்தாம குளிக்கப் போகாதீங்க.

மே மாசம் பூரா பிள்ளை வீட்டுக்குப் போறோம். டேங்க்கைக் காலி பண்ணிட்டுப் போகலாமா?
– கல்லிடைக்குறிச்சி வாசகர்

காலி பண்ணக் கூடாது, காஞ்ச பேனல் அந்த வெயில்ல என்ன சூடு ஏறும்னு மேல பேட்டை தம்பிக்குச் சொல்லியிருக்கேன். தண்ணி நிறைஞ்சபடியே இருக்கட்டும், பேனலை கெட்டியான துணியால மூடி காத்துல பறக்காம நாலு மூலையும் கட்டிட்டுப் போங்க. வந்ததும் சின்டெக்ஸ்ல தண்ணி நிக்கான்னு பாத்து, அப்புறம் வெந்நிக் குழாயைத் திறங்க. வெந்நி டேங்க்கோட மேல்பக்கம் இருந்து வர்றதால டேங்க் நிறைஞ்சிருந்தாத்தான் குழாய்ல வரும். வந்தா துணியை எடுக்கலாம். வரலன்னா துணியை எடுக்காம பிளம்பரைக் கூப்பிடுங்க.