ரூட்டரில் டபிள்யூஈபி மட்டும்தான் இருக்கிறது. பாஸ்வேர்டை நீளமாக வைத்தால் போதுமா?

போதாது. டபிள்யூஈபி என்பது வைஃபையைப் பூட்டும் பழைய முறை. உங்கள் வீட்டிலும் "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று ஒரு பழைய ரூட்டர் அலமாரி மேல் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் கடையிலும் அப்படித்தான் இருந்தது.

தக்கலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2017 நவம்பர் 30 ஓகி புயலில் ரப்பர் மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வந்த அன்று வோல்டேஜ் ஏறி ரூட்டர் கருகிவிட்டது. பரணில் கிடந்த பழையதைத் தூசி தட்டி மாட்டினேன். அதற்கு டபிள்யூஈபிக்கு மேல் எதுவும் தெரியாது. நாலு நாளைக்கு என்று மாட்டியது ஒன்றரை வருஷம் ஓடியது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அதே வருஷம் அக்டோபரில்தான், டபிள்யூஈபிக்குப் பிறகு வந்த பூட்டு முறையான டபிள்யூபிஏ2-விலும் 'கிராக்' என்ற ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்திருந்தது. "புதுசும் ஓட்டை, பழசும் ஓட்டை, பிறகென்ன" என்று வியாக்கியானம் பேசினேன். அந்த ஓட்டையை அப்டேட் போட்டு அடைக்கலாம், அதில் பாஸ்வேர்டும் வெளியே போகாது. டபிள்யூஈபிக்கோ அடித்தளமே கோணல். இதை எனக்குப் புரியவைத்தவன் பக்கத்துக் கடை அண்ணாச்சியின் மகன், இன்ஜினியரிங் மாணவன்.

"மாமா, உங்க பாஸ்வேர்டை நான் சொல்லட்டுமா?"

"சொல்லுடே மக்களே, பாப்போம்."

(என் அனுமதியோடு, என் ரூட்டரில் செய்தது. அடுத்தவர் வைஃபையில் கைவைத்தால் ஐடி சட்டப்படி குற்றம். கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம்.)

மதிய நேரம், நெட்டில் போக்குவரத்தே இல்லை. அவன் காற்றில் பிடித்த ஒரே பாக்கெட்டை (நெட்டில் போகும் தகவல் துண்டு)த் திரும்பத் திரும்ப அனுப்பி ரூட்டரைப் பேச வைத்தான். திரையில் எண்ணிக்கை பெட்ரோல் பங்க் மீட்டர் மாதிரி ஏறியது. டபிள்யூஈபி ஒவ்வொரு பாக்கெட்டோடும் ஒரு 24 பிட் எண்ணை வெளிப்படையாக அனுப்பும். அதை ரகசியச் சாவியோடு ஒட்டித்தான் பூட்டும். அந்தப் பூட்டும் முறை பலவீனமானது. பாக்கெட் சேரச் சேரச் சாவியைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். 40,000 பாக்கெட் கிடைத்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று ஜெர்மனி டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் 2007-லேயே காட்டிவிட்டார்கள். ஊகித்துப் பார்க்கும் வேலையே இல்லாதபோது பாஸ்வேர்டு நீளமாக இருந்து என்ன, கடினமாக இருந்து என்ன?

அதில் பெரிய சாவி என்றால் சரியாக 13 எழுத்து வேண்டும். மனைவியை வீட்டில் கூப்பிடும் பெயர் 5, கல்யாணத் தேதி 8 என்று விரல்விட்டு எண்ணி வைத்திருந்தேன். வாங்கி வைத்த பழ பஜ்ஜி ஆறும் முன், ஆதார் நகலுக்கு நின்ற இரண்டு பேர் முன்னால் அந்தச் செல்லப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தான். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றரை வருஷமாக அந்தக் காற்று வழியாக பிரிண்டருக்குப் போன ஆதாரும் பாஸ்புக்கும்தான் நினைவுக்கு வந்தன.

சரி, உங்கள் விஷயம். ரூட்டரை மாற்றுங்கள். செட்டிங்கில் இன்னும் புதிய டபிள்யூபிஏ3 இருந்தால் அது, இல்லையென்றால் டபிள்யூபிஏ2-வில் ஏஈஎஸ் என்ற பூட்டு; டிகேஐபி என்ற பழைய பூட்டு வேண்டாம். பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள், அதன் 8 இலக்க பின் நம்பருக்கு 11,000 முயற்சி போதும் என்று 2011-லேயே வெளிவந்துவிட்டது. பழைய பிரிண்டர் டபிள்யூஈபி தவிர எதற்கும் மசியவில்லை என்றால் கேபிள் போடுங்கள். "வைஃபை பெயரை மறைத்து, குறிப்பிட்ட கருவிகளை மட்டும் விடும் மேக் ஃபில்டர் போட்டால் போதாதா" என்று யாராவது கேட்பீர்கள். இரண்டையும் அந்தப் பையன் அப்போதே சிரித்துக்கொண்டே தாண்டிக் காட்டினான். நான் நெட்வொர்க் படித்தவன் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

ஆறாத ஒன்று இருக்கிறது. புது ரூட்டர் மாட்ட வந்த இணைப்புக்காரர், பெருமையாக டபிள்யூபிஏ2 போட்டுவிட்டு என் மொபைல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்துப் போனார். "எல்லாருக்கும் இப்படித்தான் சார், மறக்காது" என்றார். நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் 10 இலக்கம் சில மணி நேர வேலை. என்னுடையதற்கு அதுவும் தேவையில்லை, கடை போர்டிலேயே ஒரு முழ உயரத்தில் எழுதியிருக்கிறது.