டோம் கேமரா வாங்கும் முன் டிவிஆரின் ஸ்டிக்கரைப் படியுங்கள்

சுவருக்குள் கோஆக்சியல் கேபிள் ஏற்கெனவே ஓடியிருக்கிறது, கேமராப் படத்தைப் பதியும் பெட்டியான டிவிஆரும் நன்றாக இருக்கிறது, கேமராக்கள் மட்டும் மங்கிவிட்டன, கேபிளை மாற்றாமல் டோம் கேமரா போட எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிசிடிவி மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் "எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம்?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். டிவிஆர் எதை ஏற்கும், கேபிள் எதைத் தாங்கும், கேமரா எங்கே உட்காரப் போகிறது என்பது தெரிந்துவிட்டால் மெகாபிக்சல் தானாக முடிவாகிவிடும்.

முதலில் டிவிஆர். கேபிள் முனையில் இருக்கும் உருண்டையான பிஎன்சி கனெக்டர் எல்லாக் கோஆக்ஸ் கேமராவுக்கும் ஒன்றுதான். உள்ளே ஓடும் சிக்னல்தான் வேறு வேறு. பழைய அனலாக் கேமராக்கள் சிவிபிஎஸ் என்ற சாதாரண வீடியோ சிக்னலை அனுப்பின. 2012-இல் தாகுவா நிறுவனம் எச்டிசிவிஐ முறையைக் கொண்டுவந்தது. பின்னாலேயே டெக்பாயின்ட் நிறுவனத்தின் எச்டி-டிவிஐ, நெக்ஸ்ட்சிப் நிறுவனத்தின் ஏஎச்டி என்று வந்தன. எல்லாமே அதே கோஆக்ஸில் எச்டி படம் அனுப்புகின்றன, ஆனால் ஒன்றின் மொழி இன்னொன்றுக்குப் புரியாது. டிவிஐ மட்டும் தெரிந்த டிவிஆரில் சிவிஐ கேமராவைச் செருகினால் பிளக் கச்சிதமாகப் பொருந்தும், திரையில் படம் வராது.

அதனால் டிவிஆரைத் திருப்பி ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் டேட்டாஷீட்டை, அதாவது தொழில்நுட்ப விவரத்தாளை, தேடிப் படியுங்கள். எந்தெந்த சிக்னல் முறைகளை ஏற்கும், ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு கேமரா இணைப்புக்கு, அதிகபட்சம் எத்தனை மெகாபிக்சல் என்ற இரண்டு விவரமும் வேண்டும். அங்கே '1080பி லைட்' என்று இருந்தால் கவனமாக இருங்கள். 1920-க்குப் பதில் 960 பிக்சல் அகலத்தில்தான் பதிவாகும் என்று அதற்கு அர்த்தம், பாதி விவரம் அங்கேயே போய்விடுகிறது. 5 மெகாபிக்சல் ஏற்கும் என்று சொல்லும் டிவிஆர்களிலும் பல, அந்த அளவில் பதியும்போது நொடிக்கு இத்தனை பிரேம் என்ற வேகத்தைக் குறைத்துவிடும். டிவிஆர் 1080பி (1920 x 1080 பிக்சல், சுமார் 2 மெகாபிக்சல்) வரைதான் என்றால் 2 மெகாபிக்சல் டோமே வாங்குங்கள். அதற்கு மேல் வாங்கினால் படமே வராமல் போகலாம்.

இப்போது கிடைக்கும் கோஆக்ஸ் டோம்களில் நிறைய 'ஃபோர் இன் ஒன்' வகை. சிவிஐ, டிவிஐ, ஏஎச்டி, சிவிபிஎஸ் நான்கில் எதற்கும் மாற்றிக்கொள்ளலாம். கேமரா வயரில் தொங்கும் சிறு ஜாய்ஸ்டிக்கையோ சின்ன சுவிட்சையோ வைத்து மாற்றுவார்கள். உங்கள் நிலையில் இதுதான் பாதுகாப்பான தேர்வு. நாளை டிவிஆரை மாற்றினாலும் கேமரா வீணாகாது. டிவிஆர் மிகப் பழையதாக இருந்து சிவிபிஎஸ் மட்டும் ஏற்குமானால், புதுக் கேமரா போட்டாலும் படம் பழைய தரத்தில்தான் இருக்கும். அப்போது காசு முதலில் போக வேண்டியது டிவிஆருக்கு.

கடையில் அதே வடிவத்தில், நெட்வொர்க் கேபிள் வழியே படம் அனுப்பும் ஐபி டோமும் இருக்கும். அதன் வயர் முனையில் நெட்வொர்க் சாக்கெட் இருக்கும், உருண்டையான பிஎன்சி இருக்காது. பெட்டியை மட்டும் பார்த்து வாங்காமல் வயர் முனையைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து கேபிள். ஆர்ஜி59, ஆர்ஜி6 இரண்டும் 75 ஓம் கேபிள்கள், இரண்டுமே சரி. ஆர்ஜி58 என்று அச்சடித்திருந்தால் அது 50 ஓம், வீடியோவுக்கு ஆகாது, படத்தில் நிழல் விழும். நடுக்கம்பியையும் சுரண்டிப் பாருங்கள். முழுச் செம்பா, மேலே செம்பு பூசிய இரும்பா? டிஷ் டிவிக்குப் பூசிய கம்பி போதும், ஏனென்றால் அந்த உயர் அதிர்வெண் சிக்னல் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும். கேமரா சிக்னலில் தாழ்ந்த அதிர்வெண்களும் இருப்பதால் கம்பி முழுக்கச் செம்பாக இருப்பது நல்லது. தூரம் குறைவென்றால் இரும்புக் கம்பியும் ஓடிவிடும். நல்ல செம்புக் கேபிளில் 1080பி படம் 200 மீட்டர் தாண்டியும் போகும், ஆகவே வீட்டுக்குள் தூரம் பிரச்சினையாக இருப்பது அபூர்வம். கெடுப்பது நடுவில் முறுக்கி டேப் ஒட்டிய ஜாயின்ட்டும், பச்சைப் பாசி பிடித்த கனெக்டரும்தான். பழைய கனெக்டர்களை வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர்களை அழுத்திப் பொருத்துங்கள் (கிரிம்ப் செய்யுங்கள்).

இதைவிட முக்கியம் பவர் வயர், இதை யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலான டோம்கள் 12 வோல்ட் டிசியில் ஓடும். பகலில் குறைவான மின்சாரம் போதும். இருட்டியதும், கேமரா இருளில் பார்ப்பதற்கான ஐஆர் (அகச்சிவப்பு) எல்இடிகள் எரியத் தொடங்க, 0.4 ஆம்பியர் அளவுக்கு இழுக்கலாம். கேமரா 50 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போக வர 100 மீட்டர் வயர். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராக இருந்தால் சுமார் 1.4 வோல்ட் வழியில் இழப்பாகி, கேமராவுக்கு 10.6 வோல்ட் போய்ச் சேரும், சமாளித்துவிடும். அதுவே 0.2 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரென்றால் மூன்றரை வோல்ட் அளவுக்குப் போய்விடும். எல்இடி எரியும், வோல்டேஜ் விழும், கேமரா அணையும், எல்இடியும் அணைவதால் வோல்டேஜ் ஏறும், கேமரா மறுபடி எழும். இரவு முழுக்க இதே சுற்று. பகலில் நன்றாக ஓடி ராத்திரியில் மட்டும் படம் போய்ப் போய் வந்தால் கேமராவைக் குறை சொல்லும் முன் அதன் முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருந்தால் அங்கேயே தனி அடாப்டர் போட்டுவிடலாம்.

இனி டோம். கடையில் டோம் என்று கேட்டால் இரண்டு வகையைக் காட்டுவார்கள். ஒன்று, லென்ஸையும் எல்இடியையும் சேர்த்து ஒரே கண்ணாடிக் குமிழால் மூடியது. இன்னொன்று, மூடி இல்லாமல் கண்விழிபோல் உருண்டை மட்டும் திரும்பும் டரட் வகை. இந்த வித்தியாசம்தான் இரவுப் படத்தைத் தீர்மானிக்கிறது. மூடிய டோமில் ஐஆர் வெளிச்சம் அந்தக் குமிழைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். குமிழின்மேல் தூசி, கைரேகை, மழைத்துளி எது இருந்தாலும் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள் வரும். பனிமூட்டத்தில் வண்டியின் ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் நிற்குமே, அதே நிலைதான். இதைத் தடுக்க லென்ஸைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் குமிழை ஒட்டி நிற்கும்படி வைத்திருப்பார்கள். மூடும்போது அது சரியாக உட்காராவிட்டால் புதுக் கேமராவிலும் இரவில் வெள்ளைப் புகைதான் தெரியும்.

ஆகவே என் யோசனை நேரடியானது. கைக்கு எட்டும் உயரம், யாராவது அடிக்கவோ திருப்பவோ வாய்ப்புள்ள இடம் என்றால் மூடிய டோம் போடுங்கள், அதிலும் ஐகே10 தரம் உள்ளதை. 5 கிலோ எடையை 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்ட அடியை, அதாவது 20 ஜூல் ஆற்றலை, தாங்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் அளவு. லென்ஸ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வெளியாளுக்குச் சட்டென்று தெரியாததும் அதற்கு ஒரு பலம். கைக்கு எட்டாத உயரமென்றால் டரட்டே மேல். வெளியே எதை மாட்டினாலும், தூசியும் தண்ணீரும் புகாததைக் குறிக்கும் ஐபி66 அல்லது ஐபி67 தரம் இருக்க வேண்டும். உள்கூரைக்கென்று செய்த பிளாஸ்டிக் டோமை வெளியே மாட்டாதீர்கள். பளபளப்பான கூரையையோ வெள்ளைச் சுவரையோ ஒட்டியும் மாட்டாதீர்கள், ஐஆர் அதில் பட்டுத் திரும்பிப் படத்தின் மீதிப் பகுதியை இருட்டாக்கும்.

லென்ஸ் விஷயத்தில்தான் மெகாபிக்சல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, படத்தில் தெரியும் இடத்தின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது ஐஇசி 62676-4 தரநிலையின் அளவு. தெரிந்தவரைக் கண்டுகொள்ள 125 போதும். 1080பி படத்தின் அகலம் 1920 பிக்சல், ஆக ஏழரை மீட்டர் அகலம் வரை அடையாளம் தெரியும். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் நூறு டிகிரிக்கு விரிந்து பார்ப்பதால் சுமார் 3 மீட்டர் தூரத்திலேயே அந்த அகலம் தீர்ந்துவிடும். அதே லென்ஸில் 8 மெகாபிக்சல் போட்டால் 6 மீட்டர் சொச்சம். ஆனால் சாதாரண 2 மெகாபிக்சலில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் 8 மீட்டர் வரை போகலாம்! ஆகவே அறை, வராந்தா முழுக்கத் தெரிய 2.8, வாசலில் வருபவரின் முகம் தெரிய 3.6 அல்லது 6 என்று இடத்துக்கு ஏற்றபடி பிரித்து வாங்குங்கள். தூரம் முடிவாகவில்லை என்றால் 2.8 முதல் 12 வரை மாற்றக்கூடிய வேரிஃபோக்கல் டோம் கிடைக்கிறது. இரண்டரை, மூன்று மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்றிவிட்டால் பக்கத்தில் வருபவரின் முகத்துக்குப் பதில் தலைமுடிதான் தெரியும்.

வெளி வெளிச்சத்தைப் பார்த்து நிற்கும் வாசல் கேமராவுக்கு மட்டும் 120 டெசிபல் (இங்கே இது ஒளி வேறுபாட்டின் அளவு) உள்ள உண்மையான டபிள்யூடிஆர், அதாவது பின்னால் வெளிச்சம் இருந்தாலும் முகத்தைக் காட்டும் வசதி, கேளுங்கள். டிடபிள்யூடிஆர் என்று போட்டிருப்பது மென்பொருள் திருத்தம், முகம் கறுப்பாகவே நிற்கும். ஒலியும் வேண்டுமென்றால் மைக் உள்ள டோமின் ஒலியை அதே கோஆக்ஸில் அனுப்பும் வசதி உண்டு, டிவிஆரும் அதை ஏற்க வேண்டும்.

எல்லாக் கேமராவையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒன்றை மட்டும் வாங்கி, முதலில் ஒரு சிறு கேபிளில் டிவிஆர் பக்கத்திலேயே செருகிப் படத்தைப் பாருங்கள். பிறகு இருப்பதிலேயே நீளமான கேபிளின் முனையில் மாட்டுங்கள். இரண்டு படத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் கோளாறு கேபிளிலோ கனெக்டரிலோதான். பிறகு ஓர் இரவு ஓடவிட்டு, வீட்டில் ஒருவரை வாசலில் நடக்கச் சொல்லி, மறுநாள் பதிவைப் போட்டுப் பாருங்கள். நேரலையில் தெளிவாகத் தெரியும் முகம், டிவிஆர் சுருக்கிப் பதிந்ததில் கரைந்திருக்கலாம். அந்தப் பதிவில் முகம் தெரிந்தால் மற்றவற்றையும் அதே மாடலில், லென்ஸை மட்டும் இடத்துக்கேற்ப மாற்றி வாங்கிவிடுங்கள்.